உறைக்குள் வைத்த பத்து ரூபாய்

நான் கடவுள் இல்லை என்பவன். இன்றைக்கும் அதே கட்சிதான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இனி வருவதைப் படித்துவிட்டு, ஆள் மனம் திருந்தி விபூதி பூசிக்கொண்டான் என்று யாரும் சந்தோஷப்பட வேண்டாம். என் தோழர்கள் வருத்தப்படவும் வேண்டாம். நான் ஒத்துக்கொள்ள வந்தது வேறு குற்றம். ஊர் கூடி நின்ற இடத்தில் ஒரு பெண்ணைப் பொய்க்காரி என்று சொன்னேன். அவள் பொய் சொல்லவில்லை என்று அப்போதே எனக்குத் தெரியும்.

தெரியாமல் சொல்லியிருந்தால் பிழை என்று போய்விடும். நான் தெரிந்தே சொன்னேன். எப்படித் தெரியும் என்பதை இத்தனை வருஷமாக மறைத்து வைத்திருந்தேன். அதையும் சொல்ல வேண்டும்.

தொழிலால் நான் அறிவியல் வாத்தியார். லீவு நாட்களில் ஊர் ஊராகப் போய் 'மந்திரமா, தந்திரமா' நிகழ்ச்சி நடத்துவேன். செம்பருத்திப் பூவைக் கத்தியில் அழுத்தித் தேய்த்துவிட்டு எலுமிச்சம்பழத்தை அறுத்தால் ரத்தம் மாதிரிச் சிவப்பாக வடியும். தேங்காய்க் குடுமிக்குள் பொட்டாசியம் பெர்மாங்கனேட் தூளை ஒளித்துவைத்து, தீர்த்தம் என்று கிளிசரினைத் தெளித்தால் சற்றுப் பொறுத்துத் தானாகத் தீப்பிடிக்கும். சாம்பலைக் கஞ்சித் தண்ணீரில் குழைத்து, சின்ன உருண்டையாகப் பிடித்து உலர்த்தி, கட்டைவிரல் இடுக்கில் செருகிக்கொண்டால் காற்றிலிருந்து விபூதி வரவழைக்கலாம். மஞ்சள் தண்ணீரில் சுண்ணாம்பு கலந்து சிவப்பாக்கிக் காட்டியபோது மட்டும் ஒரு ஊரில் கிழவி ஒருத்தி எழுந்து, "இதைத்தான நாங்க ஆலம் சுத்துறோம், இதுல என்னத்தக் கண்டுபிடிச்சிட்ட?" என்று கேட்டாள். சிரித்து மழுப்பினேன். அவளுக்குத் தெரிந்ததை அவளுக்கே கற்றுக்கொடுக்கக் கிளம்பியவன் நான் என்று அன்றைக்கு உறைக்கவில்லை.

கைதட்டல் எனக்குப் பிடிக்கும். இதை மறைக்கப் போவதில்லை. சாமியார் வித்தை காட்டினால் ஏமாற்று, நான் காட்டினால் கல்வி. கைதட்டல் ஏறுகிற இடம் மட்டும் இரண்டு பேருக்கும் ஒன்றுதான். வீட்டுக்கு வந்து படுத்த பிறகும் அது காதுக்குள் ஓடிக்கொண்டிருக்கும்.

1995 செப்டம்பர் 21 எங்களைப் போன்றவர்களுக்குத் திருவிழா. பிள்ளையார் பால் குடிக்கிறார் என்று அன்று காலை டெல்லியில் கிளம்பிய பேச்சு, பொழுது சாய்வதற்குள் நாடு முழுக்கப் பரவிவிட்டது. வெளிநாட்டுக் கோயில்களில்கூட வரிசை நின்றது. கரண்டியை நிரப்பி, சற்றுச் சாய்த்துத் தும்பிக்கையில் தொட்டால் பரப்பு இழுவிசை பாலை இழுத்துக்கொள்ளும். பிறகு கல்மேல் மெல்லிய படலமாகக் கீழே வழிந்துவிடும். வெள்ளைச் சிலையில் வெள்ளைப் பால் வழிவது யார் கண்ணுக்கும் படாது. அரசாங்க விஞ்ஞானிகள் பாலில் நிறத்தைக் கலந்து காட்டினார்கள், வழிந்த தடம் தெரிந்தது. நானும் எங்கள் ஊர்ப் பிள்ளையாரிடம் குங்குமம் கரைத்த பாலோடு போனேன். தடம் தெரிந்தது. சுற்றி நின்றவர்கள் ஒன்றும் பேசவில்லை.

அந்த வெற்றி என்னைக் கெடுத்தது. எல்லா அற்புதமும் கரண்டியும் பாலும்தான் என்று நினைத்துவிட்டேன். ஒன்று தந்திரம், இல்லாவிட்டால் இயற்பியல், இரண்டும் இல்லாவிட்டால் பொய்ச் சாட்சி. இந்த மூன்று பெட்டியில் ஒன்றில் எதையும் போட்டு மூடிவிடலாம். நாலாவது பெட்டி ஒன்று வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

மூன்றாவது பெட்டிக்குத் தத்துவவாதி டேவிட் ஹியூமைத் துணைக்கு அழைப்பேன். 1748-ல் அவர் அற்புதங்களைப் பற்றி எழுதினார். ஓர் அதிசயத்தை ஒருவர் வந்து சொன்னால், அவர் சொல்வது பொய்யாக இருப்பது அந்த அதிசயத்தைக் காட்டிலும் பெரிய அதிசயமா என்று பார், அப்படி இருந்தால் மட்டும் நம்பு என்பது அவர் வாதத்தின் சாரம். மேடையில் சொல்ல அருமையான வாதம். அதே கட்டுரையில் ஓர் இந்திய இளவரசன் வருகிறான். குளிர் நாட்டில் தண்ணீர் கல்லாகிவிடும் என்று சொன்னதை அவன் நம்ப மறுக்கிறான். தனக்குத் தெரிந்த அனுபவத்தை வைத்து அவன் நியாயமாகத்தான் யோசித்தான் என்று ஹியூம் அவன் பக்கம் பேசுகிறார். பேசட்டும். ஆனால் தண்ணீர் உறையத்தானே செய்கிறது? இந்த இளவரசனை நான் எந்த மேடையிலும் ஏற்றியதில்லை. முறையாக யோசித்தும் ஒருவன் தவறலாம் என்று ஒத்துக்கொள்ள வேண்டி வருமே.

ஹியூமின் தராசு பிறர் சொல்லை நிறுப்பதற்கு. சாட்சி உன் சொந்தக் காதாக இருந்தால்?

என் அம்மா 1998 ஐப்பசியில் இறந்துபோனாள். சடங்கு எதுவும் செய்யவில்லை. படத்திறப்பு மட்டும் வைத்தோம். தோழர்கள் வந்து பேசினார்கள். அது முடிந்து சில நாள் கழித்து, விடியற்காலையில் கொல்லையில் அடிகுழாய்ப் பக்கம் நின்று பல் விளக்கிக்கொண்டிருந்தேன். "ஏய்யா, காப்பி ஆறுதுய்யா" என்று அம்மா கூப்பிட்டாள்.

நினைவு என்று சொல்லாதீர்கள். நினைவு மண்டைக்குள் கேட்கும். இது அடுப்படிப் பக்கமிருந்து இடது காதில் கேட்டது. 'ஆறுது' என்பதை அவள் இழுக்கிற இழுப்பு அப்படியே இருந்தது. "வாரேம்மா" என்று வாய்விட்டுப் பதில் சொன்னேன். இரண்டு எட்டும் வைத்துவிட்டேன். அப்புறம்தான் கால் நின்றது. உள்ளேயிருந்து என் மனைவி எட்டிப் பார்த்து, "யார்கிட்ட பேசுறீங்க?" என்றாள். "யாருமில்லையே" என்றேன்.

பொய் அங்கே தொடங்கியது.

நான் நேர்மையான பொருள்முதல்வாதியாக இருந்திருந்தால் அன்றைக்கே நோட்டை எடுத்து நேரம், திசை, சொன்ன வார்த்தை எல்லாவற்றையும் எழுதியிருப்பேன். அடுத்த கூட்டத்தில் தோழர்களிடம், "இப்படி ஒன்று நடந்தது. அம்மா இல்லை, ஆவியும் இல்லை. ஆனால் கேட்டது. இதை எப்படி விளக்குவது?" என்று கேட்டிருப்பேன். கேட்கவில்லை. எங்களில் ஒருவர் முன்பு ஒரு தடவை இதுபோல ஏதோ சொல்ல வாயெடுத்தார். நாங்கள் சிரித்த சிரிப்பில் அவர் வாக்கியத்தை முடிக்கவே இல்லை. அந்தச் சிரிப்பில் என்னுடையதும் இருந்தது. பேய்க்கு நான் பயப்படவில்லை, அந்தச் சிரிப்புக்குத்தான் பயந்தேன்.

வேல்ஸ் நாட்டு டாக்டர் டேவி ரீஸ் 1971-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் ஒரு கட்டுரை வெளியிட்டிருக்கிறார் என்பது பல வருஷம் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது. கணவனையோ மனைவியையோ இழந்த 293 பேரிடம் பேசியிருக்கிறார். ஏறக்குறையப் பாதிப்பேருக்கு இப்படி ஏதோ ஓர் அனுபவம் இருந்திருக்கிறது. இறந்தவர் பக்கத்தில் இருப்பதாகப் பலர் உணர்ந்திருக்கிறார்கள். சிலர் பார்த்திருக்கிறார்கள், சிலர் குரலைக் கேட்டிருக்கிறார்கள். அவர்களில் பெரும்பாலோர் டாக்டர் கேட்கும்வரை யாரிடமும் வாய் திறக்கவில்லை. அவர்கள் பைத்தியமும் இல்லை, பொய்யரும் இல்லை. பல வருஷம் ஒருவரை எதிர்பார்த்தே பழகிய மூளை, அவர் போன பிறகும் உடனே எதிர்பார்ப்பதை நிறுத்திவிடுவதில்லை. எனக்குத் தேவைப்பட்ட நாலாவது பெட்டி இதுதான். ஆள் உண்மையாகவே உணர்கிறார், உணரப்படுவது வெளியே இல்லை. பொருள்முதல்வாதத்துக்கு இதில் ஒரு நெருக்கடியும் கிடையாது. கௌரவம் பார்த்த எனக்குத்தான் நெருக்கடி.

இனி அந்த ஊருக்கு வருகிறேன்.

2001 பங்குனி. சாத்தூர்ப் பக்கம் ஒரு கரிசல் கிராமம். பேர் வேண்டாம். காளியம்மன் பொங்கலுக்குக் காப்புக் கட்டியிருந்தார்கள். அந்தச் சமயம் பார்த்து நிகழ்ச்சி வைத்தால் எடுக்கும் என்று எங்கள் அமைப்பில் இருந்த உள்ளூர்ப் பையன் ஒருவன் கூப்பிட்டான். பெரியவர்கள் முணுமுணுத்தார்கள், தடுக்கவில்லை. சாவடிக்கு முன்னால் மேடை. எலுமிச்சம்பழம் அறுத்து, தேங்காய் பற்றவைத்து, நாக்கில் சூடம் ஏற்றிக்கொண்டிருந்தபோது கோயில் பக்கம் மேளம் கேட்டது. கூட்டத்துக்குள் ஒரு குலவைச் சத்தம். ஆட்கள் விலகினார்கள். மஞ்சச் சேலை கட்டிய பெண் ஒருத்தி, முடி அவிழ்ந்து, தோள்பட்டை வெட்டி வெட்டி இழுக்க, மேடையை நோக்கி வந்தாள். முப்பது, முப்பத்தைந்து வயது இருக்கும். கையில் திருநீறு.

"எவன்டா நீ? எங்கிட்டயே வெளையாடுறியா?" என்றாள். அதோடு நிற்கவில்லை. திரும்பிக் கூட்டத்தில் யாரையோ பார்த்துக் கையை நீட்டி, தண்ணி, முறை, எம்புள்ள, வயிறெரிய என்று என்னவோ சொல்லிக்கொண்டே போனாள். அவள் பேச்சில் பாதிக்குமேல் என்னைப் பற்றியது அல்ல. அதை நான் கவனித்திருக்க வேண்டும். மேடையில் நிற்கிறவனுக்கு எல்லாரும் தன்னைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்று ஒரு நினைப்பு.

என் பையில் எப்போதும் ஒட்டிய கவர் ஒன்று இருக்கும். அதற்குள் ஒரு பத்து ரூபாய் நோட்டு. இது ஆபிரகாம் கோவூரிடம் கற்றது. திருவல்லாவில் பிறந்து இலங்கையில் வாழ்ந்த தாவரவியல் ஆசிரியர். உறைக்குள் இருக்கும் நோட்டின் எண்ணைச் சொல்பவருக்கு, இன்னும் சில அற்புதங்களில் ஒன்றையாவது செய்து காட்டுபவருக்கு, ஒரு லட்ச ரூபாய் தருவதாக அவர் சவால் விட்டிருந்தார். 1978-ல் அவர் இறக்கும்வரை யாரும் ஜெயிக்கவில்லை. அந்தக் கவரை எடுத்து உயரத் தூக்கிப் பிடித்தேன். "இதுக்குள்ள இருக்கிற நோட்டு நம்பரை உங்க ஆத்தா சொல்லட்டும். சொல்லிட்டா இந்த மேடையிலேயே நான் மொட்டை போட்டுக்கிறேன்" என்றேன்.

அவள் கவரைப் பார்த்தாள். என்ன கேட்கிறேன் என்று அவளுக்குப் புரியவில்லை. எழுதப் படிக்கத் தெரியாதவள் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

முதலில் சிரித்தவன் அவளுடைய பெரிய கொழுந்தன். அவன் யார் என்று அப்போது எனக்குத் தெரியாது. வெள்ளை வேட்டி, கடைவாயில் வெற்றிலை. அவன் சிரித்ததும் மற்ற ஆண்கள் சிரித்தார்கள். கூட்டம் என் பக்கம் சாய்ந்துவிட்டது. மேடை ஏறியவர்களுக்கு அது காலடியில் தெரியும்.

இனிச் சொல்வதை யாரும் பார்க்கவில்லை. நான் சொன்னால்தான் உண்டு. மைக்கை வாயருகே கொண்டுபோனபோது என் இடது காது எனக்கு ஞாபகம் வந்தது. 'ஆறுதுய்யா' என்ற இழுப்பு ஞாபகம் வந்தது. ஆள் பொய் சொல்லாமலே இல்லாத ஒன்று அவருக்குக் கேட்கும், இவளுக்கும் அப்படித்தான் ஏதோ நடக்கிறது என்று மனம் சொன்னது. தெளிவாகவே சொன்னது. மைக்கை இறக்கிவிட்டு, "அம்மா, உட்காருங்க, அப்புறம் பேசலாம்" என்று சொல்லியிருக்கலாம். கூட்டம் சப்பென்று போயிருக்கும். அவ்வளவுதான் நஷ்டம்.

"இது சாமியும் இல்லை, பூதமும் இல்லை. நடிப்பு. சுத்த நடிப்பு" என்றேன்.

சாமி மலையேறும்போது நாலு பெண்கள் ஓடிவந்து தாங்கிப் பிடிப்பார்கள். சொம்பில் தண்ணீர் கொடுப்பார்கள். அன்றைக்கு யாரும் வரவில்லை. வந்தால் அவர்களையும் கேலி செய்வேன் என்று பயந்திருக்கலாம். அவளுடைய தோளில் ஆட்டம் நின்றது. அப்புறம் கைகள் நின்றன. உள்ளங்கையில் இருந்த திருநீற்றை என்ன செய்வது என்று தெரியாமல் சேலையில் துடைத்தாள். முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு அங்கேயே தரையில் தானாக உட்கார்ந்தாள். நான் அடுத்த வித்தைக்குப் போனேன். எங்கள் பத்திரிகையில் 'சாமியாடியின் வேஷம் கலைந்தது' என்று செய்தி வந்தது. அந்தத் தலைப்பை எழுதியவனும் நான்தான்.

மறுவருஷம் சாத்தூர் பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் அந்த உள்ளூர்ப் பையனைப் பார்த்தேன். என்னைப் பார்த்துச் சந்தோஷப்படவில்லை. இழுத்துப் பேச்சுக் கொடுத்த பிறகு சொன்னான்.

அவள் புருஷன் இறந்து சில வருஷம் ஆகியிருந்தது. பாகம் பிரித்து அவனுக்கு வந்த நிலம் அவளிடமும் பையனிடமும் இருந்தது. கிணறு மட்டும் பொது, மோட்டாரும் பொது. வாரத்தில் ஒரு நாள் அவளுக்கு முறைத்தண்ணீர். புருஷன் போன பிறகு கொழுந்தன்மார் அந்த முறையை விடவில்லை. அவள் கேட்டால் பதில் வராது. ஊர்க்கூட்டத்தில் பொம்பளை பேச வழியில்லை. பங்குனிப் பொங்கலில் காளி அவள்மேல் இறங்கி, "எம்புள்ளைக்குத் தண்ணி விடாதவன் வீட்டுல வெளக்கு எரியாது" என்று சொல்வாள். கொழுந்தன்மார் அதற்குப் பயந்தார்கள். விழுந்து கும்பிட்டுத் தண்ணீரைத் திறந்துவிடுவார்கள். பயம் அடுத்த பங்குனிவரை தாங்கும். மிளகாயும் பருத்தியும் விளையும்.

என் நிகழ்ச்சி முடிந்த மறுநாள் பெரிய கொழுந்தன் அவளிடம் கேட்டானாம்: "மதினி, போன வருசம் சொன்னதும் நடிப்புத்தான? வாத்தியாரே சொல்லிட்டாரே."

தண்ணீர் நின்றது. அந்த வருஷ வெள்ளாமை கருகியது. நிலத்தை அவர்களே அடிமாட்டு விலைக்கு எழுதி வாங்கிக்கொண்டார்கள். அவள் தீப்பெட்டி ஆபீஸுக்குப் போனாள். பன்னிரண்டு வயதுப் பையன் ஏழாம் வகுப்போடு நின்றுவிட்டான். நான் வாத்தியார் என்பதை ஞாபகத்தில் வைத்துக்கொண்டு அந்தக் கடைசி வரியை இன்னொரு தடவை படியுங்கள்.

"இதையெல்லாம் ஏம்ப்பா அன்னைக்கே சொல்லல?" என்று கேட்டேன். "நீங்க கேக்கலியே அண்ணே" என்றான். டீக்காசை அவனே கொடுத்துவிட்டான்.

அதற்கப்புறம்தான் படிக்கத் தொடங்கினேன். ஐ. எம். லூயிஸ் என்ற மானிடவியலாளர் சோமாலியாவில் களஆய்வு செய்தவர். ஆவேசத்தைப் பற்றி அவர் எழுதிய புத்தகம் 1971-ல் வந்தது. அங்கே கல்யாணமான பெண்கள்மேல் ஸார் என்ற ஆவி இறங்குமாம். நல்ல துணி, வாசனைத் திரவியம், ருசியான சாப்பாடு கேட்குமாம். மனைவி கேட்டால் கொடுக்காத புருஷன், ஆவி கேட்டால் முணங்கிக்கொண்டே கொடுப்பானாம். வாயடைக்கப்பட்டவர்களுக்கு எதிர்ப்பைச் சொல்ல இது ஒரு சுற்றுவழி என்கிறார் லூயிஸ். புத்தகத்தை மூடிவைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் எழுந்திருக்கவில்லை. என் சாத்தூர்க் கிராமத்தை எங்கோ சோமாலியாவில் ஒருவர் எனக்கு முன்பே எழுதிவைத்திருக்கிறார். அவர் கடவுளைத் துணைக்கு அழைக்கவில்லை. அதிகாரம், சொத்து, உடம்பு, சமூகம் ஆகியவற்றை வைத்தே விளக்கிவிட்டார். பொருள்முதல்வாதி செய்ய வேண்டியது இந்த வேலை. நான் செய்தது கொழுந்தன்மாருக்கு வக்கீல் வேலை.

இதிலும் ஒரு சறுக்கல் இருக்கிறது. 'ஓ, தண்ணீருக்காகத்தான் ஆடினாளா, அப்படியானால் நடிப்புத்தானே?' என்று கேட்கத் தோன்றும். ஒரு தோழர் அப்படியே கேட்டார். இல்லை. அவள் கணக்குப் போட்டு ஆடியிருந்தால் கவரைப் பார்த்ததும் அதற்கும் ஒரு பதில் வைத்திருப்பாள். தொழில்முறைச் சாமியார் எவனும் அந்தக் கவருக்கு முன்னால் வாயடைத்து நிற்க மாட்டான். "ஆத்தாளைச் சோதிக்கிறியா?" என்று ஒரு அதட்டல் போட்டு நகர்ந்துவிடுவான். அவள் நின்றாள். விரதம், மேளம், குலவை, சின்ன வயதிலிருந்து பார்த்துப் பழகிய உடம்பு, உள்ளே தேங்கிய வயிற்றெரிச்சல் எல்லாம் சேர்ந்து அவளுக்குள் இன்னொரு குரலாக வந்தது. அது அவளுடைய குரல்தான், ஆனால் அவளுக்கு அப்படித் தெரியாது.

மணிமேகலையில் ஒரு பொருள்முதல்வாதி வருகிறான். வஞ்சி நகரில் பல சமயத்தாரும் தங்கள் கொள்கையைச் சொல்லும் 27-ஆம் காதையில் அவன் பெயர் பூதவாதி. ஆத்திப்பூவும் வெல்லக்கட்டியும் சேர்ந்து புளிக்கும்போது புதிதாக ஒரு போதை பிறப்பதுபோல, பூதங்கள் கூடுகிறபோது உணர்வு பிறக்கிறது என்கிறான். எவ்வளவு நல்ல தொடக்கம்! பூவில் இல்லாத, வெல்லத்திலும் இல்லாத ஒன்று இரண்டும் சேர்ந்ததில் வருகிறது. ஆனால் மணிமேகலை தன் பழம்பிறப்பைப் பற்றிச் சொன்னதும் அது மயக்கம், கனவு என்று ஒரே வாக்கியத்தில் தள்ளிவிடுகிறான். உன் தாய் தந்தையரையே நீ அனுமானத்தால்தானே அறிகிறாய் என்று அவள் மடக்கியதும் அவனுக்குப் பேச்சில்லை. நூலை எழுதிய சாத்தனார் பௌத்தர், எதிர்க்கட்சிக்கு நல்ல வக்கீல் வைக்கவில்லை என்று முன்பெல்லாம் அலுத்துக்கொள்வேன். இப்போது அந்தப் பூதவாதியை நன்றாக அடையாளம் தெரிகிறது. போதை எப்படிப் பிறக்கிறது என்று அவ்வளவு அழகாகச் சொன்னவன், எதிரே நிற்கிறவளின் மயக்கம் எப்படிப் பிறந்தது என்று ஒரு கேள்வி கேட்கவில்லை.

பூக்குழி விஷயத்தில் நாங்களும் அந்தப் பூதவாதி மாதிரிப் பாதியில் நின்றவர்கள்தான். நாங்களும் பூக்குழி இறங்கிக் காட்டியிருக்கிறோம். கரி வெப்பத்தை மெதுவாகத்தான் கடத்தும், சாம்பல் மூடியிருக்கும், கால் படும் நேரம் குறைவு, ஆகவே சாமி தேவையில்லை. சரிதான். ஸ்பெயினில் சான் பெட்ரோ மன்ரிக்கே என்ற சிற்றூரில் ஜூன் மாதம் பூக்குழி இறங்குகிறார்கள். ஒரு ஆராய்ச்சிக் குழு இறங்குபவர், பார்ப்பவர் இரு தரப்பிலும் சிலருடைய நெஞ்சில் கருவி கட்டி இதயத் துடிப்பை அளந்து 2011-ல் வெளியிட்டது. இறங்கியவருடைய துடிப்போடு சேர்ந்து, சும்மா உட்கார்ந்து பார்த்த அவருடைய உறவினரின் துடிப்பும் ஏறி இறங்கியிருக்கிறது. வெளியூர்க்காரர்களுக்கு அப்படி இல்லை. அந்தக் குழுவில் இருந்த டிமிட்ரிஸ் சிகலாட்டாஸ் மொரீஷியஸ் தமிழர்களின் தைப்பூசக் காவடியையும் ஆராய்ந்தார். வலியை அதிகம் அனுபவித்தவர்கள் தானம் அதிகம் கொடுத்தார்கள். கூடவே நடந்தவர்களும் கொடுத்தார்கள். எங்கள் பூக்குழியில் நாங்கள் பாதத்தை மட்டும் பார்த்தோம். பூக்குழியைச் சுற்றி நிற்கிறவர்களின் நெஞ்சு எங்கள் பாடத்திட்டத்தில் இல்லை.

கோவூரையும் நான் பாதிதான் படித்திருந்தேன். கல் விழுகிற வீடு, தானாகத் தீப்பிடிக்கிற துணி என்று அழைப்பு வந்தால் அவர் போய் ஒவ்வொருவரிடமும் தனியாக உட்கார்ந்து பேசுவார். கல் எறிந்தது பெரும்பாலும் அந்த வீட்டிலேயே சொல்ல முடியாத துன்பத்தில் இருக்கும் ஒருவராக இருக்கும். அந்தத் துன்பத்தைத் தீர்க்கப் பார்ப்பார். 1973-ல் தமிழில் வந்த 'மறுபிறவி' படம்கூட அவருடைய குறிப்பேட்டிலிருந்து எடுத்த கதைதான். கோடி கோடியாகச் சேர்த்த சாமியார்களுக்கு வைத்த சவாலை, தட்டில் ஒரு காசுகூட வாங்காத பெண்ணிடம் நான் நீட்டினேன். மோசடிக்காரர்களை எதிர்த்துவந்த நரேந்திர தபோல்கர் 2013 ஆகஸ்ட் 20 அன்று புனேயில் சுட்டுக் கொல்லப்பட்டார். அந்த வேலை நடக்க வேண்டும். ஆனால் அவருடைய வேலையின் பேரைச் சொல்லி என் சாவடி மேடையை நியாயப்படுத்திக்கொள்ள எனக்கு வாய் வராது.

அந்த ஊருக்கு நான் மறுபடி 2011-ல்தான் போனேன். டீக்கடையில் கேட்டபோதே போயிருக்கலாம். பரீட்சைப் பேப்பர், பெண்ணுக்குக் கல்யாணம் என்று காரணம் கிடைத்துக்கொண்டே இருந்தது. பயம் என்று சொன்னால் முடிந்தது.

அவள் என்னை அடையாளம் கண்டுகொண்டாள். திண்ணையில் உட்காரச் சொன்னாள். தப்புச் செய்துவிட்டேன் என்றேன். அம்மா குரல் கேட்டதைச் சொன்னேன். அதை நான் வாய் திறந்து சொன்ன முதல் ஆள் அவள்தான். "அதுக்கென்ன சார், பெத்தவ கூப்பிடத்தான் செய்வா" என்றாள், பெரிதாக ஒன்றும் இல்லை என்பதுபோல. சாமி இப்போதும் வருகிறதா என்று கேட்டேன். "இல்ல" என்றாள். பிறகு, "உங்க பள்ளிக்கூடத்துல வாட்ச்மேன் வேலை எதும் இருக்குமா, பையனுக்கு?" என்று கேட்டாள். இருக்காது என்றேன்.

கிரயப் பத்திரத்தின் நகலை வாங்கிக்கொண்டு வக்கீல் நண்பர் ஒருவரிடம் போனேன். 1956-ஆம் வருஷத்து இந்து வாரிசுச் சட்டப்படி புருஷன் சொத்தில் அவளுக்கும் பையனுக்கும் சம பங்கு என்பது எனக்கே தெரியும். வகுப்பில் சொல்லியிருக்கிறேன். 2001-ல் அவளிடம் சொல்லவில்லை. நண்பர் பத்திரத்தைப் புரட்டினார். மைனர் பிள்ளையின் பங்கையும் சேர்த்துத்தான் தாயார் கைநாட்டு வைத்திருக்கிறாள், கோர்ட் அனுமதி வாங்கவில்லை, அந்தப் பங்கைப் பொறுத்தவரை விற்றது செல்லாது என்று பையன் வழக்குப் போடலாம் என்றார். எனக்கு மூச்சு வந்தது. "ஆனா மேஜராகி மூணு வருஷத்துக்குள்ள போடணும். பையனுக்கு இப்ப என்ன வயசு?" என்றார்.

இருபத்திரண்டு.

நகலைத் திருப்பிக் கொடுத்தபோது அவளிடமும் அவனிடமும், "கேஸ் நிக்காதாம்" என்று மட்டும் சொன்னேன். இரண்டு வருஷம் முந்தி வந்திருந்தால் நின்றிருக்கும் என்பதைச் சொல்லவில்லை. இன்றுவரை சொல்லவில்லை.